ஆவாரைக்குப் பிடித்த குடை

மட்டாஞ்சேரி,
மார்கழி 25.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் பாண்டித்துரை அவர்களுக்கு, கொச்சங்காடி சுக்குக் கிடங்கில் மேஸ்திரியாக இருக்கும் உங்கள் தங்கை புருஷன் செல்லப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் வசந்தியும் சுகம். கோவில்பட்டியில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். செடிதான் சுகமில்லை, அதற்காகவே இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பீர்கள். என் போனை எனக்கு முன்னால் வசந்திதான் பார்க்கிறாள்.

சித்திரையில் உங்கள் மகள் ரோஜாவின் கல்யாணப் பந்தியில், பாயசத்தை வழித்துக்கொண்டே, "உங்க கொச்சியில பாசிதான் மாப்ள பூக்கும். அங்க ஆவாரை பூக்கட்டும், அந்தப் பூவ வச்சே பொங்கலுக்குக் காப்புக் கட்ட நானே குடும்பத்தோட வாரேன்" என்றீர்கள். சொல்லிவிட்டு நீங்கள் கை கழுவப் போய்விட்டீர்கள். பதினோரு வருஷமாக எங்கள் வாசலை மிதிக்காத அண்ணன் வாய்விட்டுச் சொல்லிவிட்டார் என்று வசந்தி அன்றைக்கே உங்கள் வரப்பில் ஒரு கன்றைத் தோண்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து வாசலில் நட்டுவிட்டாள்.

தண்ணீரே கேட்காத செடி என்பார்கள். கேட்காதுதான், ஆனால் இங்கே வானம் யாரையும் கேட்டுக்கொண்டா கொட்டுகிறது, இடவப்பாதி மழை பிடித்தது பாருங்கள், வேர் அழுகிவிடும் என்று கிடங்குத் தார்ப்பாயைக் கொண்டுவந்து பந்தல் போட்டேன், அது காற்றில் கிளம்பிப் போய் எதிர்வீட்டு சேவியர் சேட்டனின் ஸ்கூட்டரைச் சேட்டனோடு சேர்த்து மூடிவிட்டது, அப்புறம் நானே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கர்க்கடகம், நம் ஆடி மாதம், முழுக்க நின்றேன். "செடி நனையாம நிக்கணும், நீங்க நனையணும், இதெந்தா சேட்டா கணக்கு? ஜலதோஷம் பிடிக்கும் கேட்டோ" என்றார் சேவியர் சேட்டன். பிடித்தது.

மழை ஓய்ந்ததா, தெருக்காரர்கள் ஆரம்பித்தார்கள். இந்த ஊரில் ஒரு செடி காய்ந்த மண்ணில் நிற்பதை யாராலும் சகிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு லதீஃபா இத்தா, "பாவம், வாடிப் போச்சல்லோ. மீன் கழுகின தண்ணி நல்ல வளமாக்கும்" என்று ஒரு சருவம் ஊற்றினார், அதற்குத் தெருவில் உள்ள பூனையெல்லாம் வந்து வேரைத் தோண்டின, தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று நான் அட்டையில் தமிழில் எழுதி மாட்டினேன், இத்தாவுக்கு மலையாளம்தான் வாசிக்க வரும், நாங்கள் ஊருக்குப் போகிறோம், செடியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருக்கிறோம் என்று நினைத்து அன்றிலிருந்து இரண்டு வேளையும் ஊற்றுகிறார். அவ்வளவு பிரியமாக ஊற்றுகிறவரை நான் என்ன சொல்லித் தடுப்பேன்.

ஆக, பூக்கவில்லை. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். ஆனால் வசந்தி உங்களுக்காகப் புதுப்பாய் மூன்று வாங்கி வைத்திருக்கிறாள். தினமும் விடிந்ததும் வாசலுக்குப் போய் மொட்டுத் தேடிவிட்டு, உள்ளே வந்து அந்தப் பாய்களைத் தூசி தட்டி வைக்கிறாள். எனக்குத் தாங்கவில்லை. நேற்று பொங்கல் பானை வாங்க பிராட்வே சந்தைக்குப் போனவள் பானை வாங்காமலே வந்துவிட்டாள், அவ்வளவு மனசு விட்டுப்போயிற்று. அதனால் பூவை விட்டுத்தள்ளிவிட்டு, நீங்களாகவே மனசு வைத்து வருகிற மாதிரி வந்துவிடுங்கள். நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

ரோஜாவுக்கும் மருமகப் பிள்ளைக்கும் எங்கள் ஆசி. பெரியவர்களுக்கு நமஸ்காரம். உங்கள் வரப்பில் நிற்கும் மற்ற ஆவாரைகளுக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஜலதோஷத்துடன்,
செல்லப்பா

பின்குறிப்பு: மேலே எழுதியது முழுவதையும் மறந்துவிடுங்கள். கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது வசந்தி வாசலிலிருந்து கூப்பிட்டாள். பூத்துவிட்டது மச்சான். நாலு கொத்து, நல்ல மஞ்சள். லதீஃபா இத்தா மீன் தண்ணீரால்தான் என்கிறார், சேவியர் சேட்டன் குடையால்தான் என்கிறார். நான் குனிந்து பார்த்தேன். நாலு கொத்தும் கிளையோடு வெள்ளை நூலால் கட்டியிருந்தது. பிராட்வேயில் காப்புப் பூ வந்து இறங்கிவிட்டது போலிருக்கிறது. நிமிர்ந்தால் வசந்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "ஆமா, பூத்திருச்சு" என்றேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் போட்டோ உங்கள் போனுக்கு வந்திருக்கும். விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டாம். பார்த்துவிட்டிருந்தால், நூல் விஷயம் தெரிந்தவர்கள் நாம் மூன்று பேர். வந்துவிடுங்கள்.