வெள்ளிக்கிழமை விமானத்தில் ஏறிவிடு

அன்புள்ள மகளுக்கு, முடிதிருத்தும் கடையிலிருந்து அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். அதாவது, இன்று காலை பத்து மணிவரை நலம்; அதற்கு மேல் இந்தத் தொற்றுக் காலத்தில் யார் உறுதி சொல்வது? நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் ஏழு மாதச் செல்லமும் சுகம்தானே? போனில் பேசினால் நீ அழுவாய், நான் சொல்ல வந்ததை மறந்துவிடுவேன். அதனால்தான் கடிதம். மருந்துக் கடைக்காரர் தள்ளி நின்று இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவார்.

அங்கிருந்து இங்கே வர வெள்ளிக்கிழமைதான் கடைசி விமானமாம். யோசிக்காமல் ஏறிவிடு. வானொலியில் தினமும் நாடு நாடாக நோயாளிக் கணக்கு வாசிக்கிறார்கள். உங்கள் நாடு முதலிடம், நாங்கள் மூன்றாமிடம். பரீட்சையில் நீ ஒருநாளும் வாங்காத முதலிடத்தை உன் நாடு வாங்கிவிட்டது. அங்கே மாஸ்க் போடுவது அவரவர் விருப்பமாமே! இங்கே அப்படியில்லை. என் கடைக்கு எல்லோரும் மாஸ்க்கோடுதான் வருகிறார்கள். உட்கார்ந்ததும் கழற்றிவிடுகிறார்கள், அது வேறு விஷயம். நாலு நாளைக்கு முன் தபால்காரர் மட்டும், "கழட்ட மாட்டேன், அப்படியே வெட்டுங்க" என்று ஒரே பிடிவாதம். எனக்கோ அம்மா தைத்த மூன்றடுக்கு மாஸ்க். மூச்சு விட்டால் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. குத்துமதிப்பாகக் கிருதாவில் கத்தரி வைத்தேன், முடியோடு மாஸ்க்கின் காதுக் கயிறும் போயிற்று. மாஸ்க் மடியில் விழ, அந்த நேரம் பார்த்து மனுஷர் என் முகத்துக்கு நேராகத் தும்மினார். "ஒண்ணுமில்லண்ணே, மூக்குல முடி போயிருச்சு" என்கிறார். முடிதானா என்று எனக்கென்ன தெரியும்? வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "உள்ள கால வெக்காதீங்க!" என்று அம்மா கதவைச் சாத்திவிட்டாள். இப்போது கடையிலேயே வாசம். சுழல் நாற்காலியில் படுத்துப் புரண்டால் நானும் சேர்ந்து சுற்றுகிறேன். அம்மா சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு, தெருவே கேட்க, "காய்ச்சல் அடிக்குதா?" என்று கத்துகிறாள். அன்றிலிருந்து ஒரு வாடிக்கையாளரும் எட்டிப் பார்ப்பதில்லை. மற்றபடி இங்கே ரொம்பப் பாதுகாப்பு. பயப்படாமல் வா.

நோய்நொடி தெரியாத வீடாக உன் வீடு இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

மூச்சுக்கு முந்நூறு தடவை உன்னையே நினைக்கும்
அப்பா

பி.கு.: இப்போதுதான் வானொலியில் வாசித்தார்கள். நாங்கள் முதலிடத்துக்கு வந்துவிட்டோம். நீ வராதே. அந்த விமானம் அங்கே திரும்பும்போது காலியாகத்தானே போகும்? அம்மாவுக்கு ஓர் இடம் கிடைக்குமா என்று விசாரி. என்னை ஏற்ற மாட்டார்கள், காலை பத்து மணியிலிருந்து காய்ச்சல். அவளிடம் சொல்லவில்லை, தெரிந்தால் நகர மாட்டாள். பிரசவத்துக்கு நீ கூப்பிட்டதாகச் சொல்.