வெள்ளைக் கொடி விளம்பரம்

ஓவியக் கண்காட்சிக்கு முதலில் வந்தவர் மலர்வளையத்தோடு வந்தார். அடுத்தவர் குடையை மடக்கிக்கொண்டே, "எப்ப எடுக்கிறாங்க?" என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

பிலிமத்தலாவையில் தாஸிம் முதலாளியின் அச்சகத்தில் கலியாணக் காட் போட்டுப் போட்டுச் சலித்தவன் சேதுராமன். ஓவியர் இராமநாதனின் கண்காட்சிக்குச் சுவரொட்டி முதல் வீதி அலங்காரம் வரை வடிவமைக்கும் வேலையைக் கெஞ்சி வாங்கியிருந்தான். சொதப்பினால் ஆயுள் முழுக்கக் கலியாணக் காட்தான் என்று முதலாளி சொல்லித்தான் கொடுத்தார்.

ஓவியர் கேட்டது எளிமை. கறுப்பு வெள்ளையில் தன் முகம், கீழே பெயர், கண்டி வீதி நெடுக வெள்ளைக் கொடி. "நெறமெல்லாம் படத்துக்குள்ள இருக்கே தம்பி, வெளியில எதுக்கு?" என்றார். கம்பியூட்டர் திரையில் பார்த்தபோது அது வெளிநாட்டு விளம்பரம் மாதிரித்தான் இருந்தது. வீதியில் கட்டிய பிறகுதான் சாவு வீட்டுக்கு வழிகாட்டியது.

சேதுராமன் ஓடிப்போய்ச் சுவரொட்டிகளின் அடியில் நாள், நேரம், மண்டபத்தின் பெயர் எல்லாம் ஒட்டினான். அதுவரை இடம் தெரியாமல் தவித்தவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

வெள்ளையை அவிழ்த்து மஞ்சள் கட்டினான். காலமானவர் யாரோ பெரிய ஹாமுதுரு, விகாரையின் தலைமைப் பிக்கு என்று பஸ்ஸை நிறுத்தி இறங்கினார்கள்.

கடைசியில் ஓவியரையே வாசலில் நிறுத்தினான். உயிரோடு இருக்கிற மனிதரைக் கண்ணால் பார்த்தால் தெளிந்துவிடுவார்கள் அல்லவா? கலகெதரயிலிருந்து வந்த அம்மாள் ஒருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"நீங்க அண்ணனா? அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருக்கீங்க."

ஓவியர் மறுக்கவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் சும்மா திரும்ப மனமில்லாமல் ஆளுக்கொரு படம் வாங்கினார்கள். மத்தியானத்துக்குள் சுவரில் ஆணிதான் மிச்சம். கேள்விப்பட்ட முதலாளி தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, கலியாணக் காட்ட புதுசா வேலைக்கு வந்த பஸீஹாட்ட குடுத்திட்டேன். நீங்க இனி இதையே பாருங்க."

பிழைத்தோம் என்றிருந்தது. ஆனாலும் உயிரோடிருந்த மனிதரைக் கொன்ற குறுகுறுப்பில், மன்னிப்புக் கேட்க முடியாமல் வாசலில் நின்றான். ஓவியரின் படங்களை ஊர் ஊராக ஏற்றி இறக்கும் வான் சாரதி அழகையா அவன் தோளில் தட்டினார்.

"வெசனப்படாதீங்க தம்பி. போன வருஷம் குருநாகல்ல செத்தப்ப ஐயாவுக்கு இதுல பாதி சனங்கூட வரல."