தொண்டர் ஒருவர் அவசரமாகத் தேவை

இடது கையால் ஏணைக் கயிற்றை ஆட்டிக்கொண்டு வலது கையால் இதை எழுதுகிறேன். கயிற்றை விட்டால் மகள் எழும்பிவிடுவாள். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், கயிறு இல்லாவிட்டாலும் கோணத்தான் செய்யும்.

என் மனிசன் அன்ரனிதாஸ் ஊர்காவற்றுறையில் கடற்றொழிலாளர் சங்கத்தில் கிளாக்கர். இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வந்து, சம்பளம் வாங்காமல், எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கக்கூசு கட்டிவிட்டுப் போனது. அன்றைக்குப் பிடித்தது இவருக்குத் தொண்டுப் பைத்தியம்.

"எமிலி, நானும் வெளிநாடு போய்த் தொண்டு செய்யப்போறன். ரெண்டு வருசம்."

"எந்த நாட்டுக்கு?"

"ஆபிரிக்கா. அங்கை சனம் தண்ணிக்கு ஒரு கட்டை தூரம் நடக்குதாம். பாவங்கள்."

எங்கள் கிணறு உவர். நான் அப்போதுதான் அதே ஒரு கட்டை, முழுசாக ஒரு மைல், நடந்துவந்து, நல்ல தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன்.

"பாத்து இறக்கும், என்ரை காலிலை சிந்துது" என்றார்.

சொன்னதோடு விடவில்லை. புதன்கிழமைகளில் சங்க வேலையாக யாழ்ப்பாணம் போவார். அங்கே நெற் கபேயில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு மேரிசுகந்தியிடம், கையால் எழுதிய தாளைக் கொடுப்பார். அவள் அதைக் கணினியில் தட்டி, அவருடைய வலைப்பூவில் ஏற்றிவிடுவாள். பிறகு அதையே அச்செடுத்துக் கொண்டுவந்து அலுமாரிக்குள் வைப்பார், காணி உறுதிப் பத்திரம் வைப்பதுபோல.

எட்டு மாதம் எழுதினார். ஒருவரும் ஒரு சொல் பதில் போடவில்லை. ஆனால் வந்துபோனவர் தொகை மட்டும் பக்கத்தின் அடியில் ஏறிக்கொண்டே போனது.

"இருநூற்றிப் பன்னிரண்டு பேர் சத்தமில்லாமல் வாசிக்கினம், எமிலி!"

மேரிசுகந்தி வேலிக்கு மேலால் சொன்னது வேறு. "அக்கா, அண்ணை தன்ரை பக்கத்தைத் தானே திறந்து திறந்து பாக்கிறார். ஒவ்வொருக்காத் திறக்கேக்கையும் ஒண்டு கூடும்."

அடுத்த தாளில் இப்படி எழுதியிருந்தார்: 'மௌனமாக வாசிக்கும் அன்பர்களே, வாய் திறவுங்கள். வெளிநாட்டுத் தொண்டு பற்றிப் பேசுவோம். எவர் அழைத்தாலும் நான் தயார்.'

அலுமாரி துடைக்கும் சாட்டில் வாசித்தேன். எல்லாத் தாளையும் அப்படித்தான் வாசித்திருக்கிறேன். அவருக்கு மௌன வாசகர் என்று உலகத்தில் ஒருவர் இருந்தால் அது நான்தான்.

அவர் போனால் ஏணையில் கிடப்பதோடும் வயிற்றில் இருப்பதோடும் குடத்தோடும் நான் தனியே. நேரே சொல்ல எனக்கு வாய் வராது. கலியாணத்துக்குச் சம்மதமோ என்று கேட்டபோதும் தலையைத்தான் ஆட்டினேன். ஆனால் மனிசன் இவ்வளவு மரியாதையாகக் கேட்டிருக்கிறாரே. சீனி சுற்றிவந்த தாளில் பதில் எழுதி மேரிசுகந்தியிடம் கொடுத்தேன்.

அந்தப் புதன்கிழமை பஸ்ஸால் இறங்கி ஓட்டமாக வந்தார்.

"வந்திட்டுது! பதில் வந்திட்டுது! கேளும்: 'ஐயா, எங்கள் தீவுக்கு ஒரு தொண்டர் அவசரமாகத் தேவை. வெயில் கூட. நல்ல தண்ணீர் தூரம். மீன் வெட்ட, துணி தோய்க்க, குழந்தை பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் பழக்குவோம். சம்பளமில்லை. சாப்பாடு உண்டு, தொண்டரே சமைக்க வேண்டும். மௌன வாசகி.'"

"எந்தத் தீவாயிருக்கும்?" என்றேன்.

"மடகஸ்காராத்தான் இருக்கும். பாவம், என்ன கஷ்டத்திலை எழுதியிருக்கு அந்தப் பொம்பிளை! எனக்குக் கண் கலங்கிப்போச்சு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"எல்லாத்துக்கும் சம்மதம், விலாசம் தாங்கோ எண்டு அதிலையே போட்டிட்டன். பங்குச் சுவாமிக்கும் சொல்லிப்போட்டன். ஞாயிறு பூசையிலை எனக்காக மண்டாடுவாராம்."

சுவாமி மன்றாடினார். கோயில் வாசலில் சனமெல்லாம் கைகொடுத்தது. நாலைந்து வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி சவிரிமுத்தர், மகன் பிரான்சிலிருந்து கொண்டுவந்த பயணப் பெட்டியையே தூக்கிக் கொடுத்தார்.

அடுத்த புதன்கிழமை விலாசம் வந்தது. மேரிசுகந்தி அச்செடுத்துக் கொடுத்த தாளைக் கடையில் வைத்துப் பிரிக்கவில்லையாம், வீட்டில் வாசிக்கவென்று மடித்துக் கொண்டுவந்தார். நின்றபடி வாசித்தார். பிறகு கதிரையில் இருந்து வாசித்தார். எங்கள் வீட்டு விலாசம்.

"இதென்ன எமிலி?"

"நீங்கள்தானே வாய் திறக்கச் சொன்னனீங்கள்."

"சுவாமி பூசையும் வைச்சிட்டாரே!"

"ஓம். அதாலைதான் இனி மாறேலாது."

இன்றோடு மூன்று கிழமை, இருபத்தொரு நாள். தண்ணீர் அவர்தான் கொண்டுவருகிறார். வழியில் யாராவது கேட்டால் பயணத்துக்குப் பயிற்சி என்கிறார். எனக்கு ஆறுதல் என்று சொல்லவும் முடியாது. உப்பு எங்கே, தீப்பெட்டி எங்கே, பிள்ளை ஏன் அழுகிறாள் என்று பழக்குகிற களைப்பு வேலையை விடப் பெரிது.

நேற்றுக் கேட்டார்: "இஞ்சாரும், இந்தத் தொண்டு எத்தினை மாதத்துக்கு? தாளிலை ஒண்டும் போடேல்லை."

நான் மறந்துபோய் அதைப் போடாமல் விட்டதில்லை. காலம் போடட்டோ அக்கா என்று மேரிசுகந்தியும் அப்போதே கேட்டவள். நான் அவளுக்குச் சொன்னது: வயிற்றில் இருப்பது பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போகும்வரை என்று போட்டால் மனிசன் பயந்துவிடும், ஆனபடியால் அந்த இடத்தைச் சும்மா விடு, கேட்கிற நேரம் பார்த்து நானே மெல்ல மெல்ல... இந்தா, கூப்பிடுகிறார், புட்டு மா கூழாய்ப் போச்சாம், நான் கயிற்றை விட்டதும் தெரியவில்லை, பிள்ளையும் ஏணையால் இறங்கிப் போய் அதுக்குள்ளே கையை விட்டு...