வளையல் பாய் தன் கைக்கு எடுத்த அளவு

திருவண்ணாமலையில் ஊரார் வீட்டுப் பெண்களின் கையைப் பகிரங்கமாகப் பிடிக்க உரிமை பெற்றிருந்த ஒரே ஆண்பிள்ளை வளையல் பாய்தான். புருஷன்மார்களே கூட்டிவந்து, "பாத்துப் பிடிங்க பாய், முரட்டுக் கை" என்று ஒப்படைத்துவிட்டு ஓரமாக நிற்பார்கள். ஐம்பதுகளின் கடைசியில் அவர் கடைக்குப் பக்கத்தில் நான் குங்குமக் கடை வைத்திருந்தேன்.

பாய்க்கு முடக்குவாதம். விரல் மூட்டெல்லாம் வீங்கும். காலையில் கை மடங்காது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேலூரில் ஒரு டாக்டரிடம் போவார். ஆனால் டாக்டரைப் பார்க்கிற அன்றைக்கு மட்டும் அந்தக் கை, இன்ஸ்பெக்டர் வந்த வகுப்பு மாதிரி ஒழுங்காக இருக்கும்.

"நடுவுல எப்படி இருந்தது?"

"ஜாஸ்தி கம்மியா இருந்துச்சுங்க."

"எத்தனை நாள் ஜாஸ்தி?"

பாய் விரல் விட்டு எண்ணத் தொடங்கி, நடுவிலேயே கணக்கை விட்டுவிடுவார். பழைய மாத்திரையே கிடைக்கும்.

ஒரு தடவை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: தினமும் குறித்துக்கொண்டு வந்தால்தான் மருந்தை மாற்ற முடியும். பாய்க்கு எழுத்து வராது. வளையல் அளவு வரும். காலையில் கடை திறந்ததும் தன் கையிலேயே வளையலை ஏற்றிப் பார்ப்பார். ரெண்டு எட்டு என்கிற சின்ன அளவு ஏறினால் வீக்கம் கம்மி. ரெண்டு பத்து என்றால் சுமார். ரெண்டு பன்னிரண்டு என்றால் அன்றைக்கு யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் கை மூடினால் பச்சை வளையல், மூடாவிட்டால் சிவப்பு. அன்றைய வளையலைக் கயிற்றில் கோத்து ஆணியில் மாட்டிவிடுவார்.

தாடி வைத்த மனிதர் வளையல் போட்டுப் பார்த்தால் தெரு சும்மா இருக்குமா?

"பாய், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எப்ப வராங்க?"

"உங்கப்பன்தான் மாப்பிள்ளை. வரச் சொல்லு."

நானும் ஒருநாள் ரகசியமாகப் போட்டுப் பார்த்தேன். ரெண்டு பன்னிரண்டே ஏறவில்லை. வியர்த்துவிட்டது. பாய் பார்த்துவிட்டார். "நைனா, இது வீக்கம் இல்ல. உங்கப்பாரு குடுத்த கை. போய்க் கடையப் பாரு."

ஆனால் விஷயம் விளையாட்டாக இல்லை. பிடி தவறி, பெண்களின் கையிலேயே வளையல் உடைய ஆரம்பித்தது. சகுனம் சரியில்லை என்று ஒவ்வொருவராக எதிர்க்கடைக்கு நகர்ந்தார்கள்.

வேலூர் போவதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குப் போக, அவர் கடையை நான் பார்த்துக்கொண்டேன். அன்று சாயங்கால வளைகாப்புக்கென்று கீழ்பென்னாத்தூரிலிருந்து அத்தைமார் எட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். எல்லாம் களத்துமேட்டில் வேலை செய்த கைகள். கடையில் ரெண்டு பன்னிரண்டு தீர்ந்துபோயிருந்தது; மற்ற எதுவும் ஏறவில்லை.

"தோ, ஆணியில தொங்குது பாரு, பெருசு" என்று ஒருத்தி சரத்தை எடுத்தாள். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் அவசரப்படுத்தினால் எனக்கு எல்லாச் சரமும் ஒரே சரம்தான். கொடுத்துவிட்டேன்.

பாய் வந்து வெறும் ஆணியைப் பார்த்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "மூணு மாசம், நைனா" என்றார். அவ்வளவுதான்.

கீழ்பென்னாத்தூருக்கு பஸ் பிடித்து ஓடினோம். அதற்குள் வளைகாப்பு முடிந்து, பெரியது அத்தைமார் கையிலும் சின்னது வீட்டுப் பெண்கள் கையிலுமாக அந்தச் சரத்து வளையல் ஏறியிருந்தது. திருப்பிக் கேட்கலாம் என்று நான் வாயெடுத்தேன்.

"வாய மூடு. காப்புக்குப் போட்டதக் கழட்டச் சொல்லுவாங்களா?" என்று அடக்கிவிட்டு, பாய் வாசலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். "தாயிங்களா, கைய மட்டும் கொஞ்சம் நீட்டுங்க."

அத்தைமாரும் வீட்டுப் பெண்களும் நீட்டினார்கள். அவர் பார்த்தே அளவு சொல்ல, நான் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

"செவப்பு, ரெண்டு பன்னண்டு. இன்னொண்ணு. இன்னொண்ணு."

"என்ன பாய், உங்க நோவு பூரா என் கையிலதான் இருக்குதா?" என்றாள் மூத்த அத்தை.

"உங்களுது தாங்குற கை, தாயி."

எது எந்தத் தேதி என்பது போனது போனதுதான். எத்தனை நாள் எப்படி இருந்தது என்பது மட்டும் மிஞ்சியது.

மறுநாள் நானும் வேலூர் போனேன். பாய் அளவையும் நிறத்தையும் விளக்க, டாக்டர் அந்தச் சீட்டில் விரல் வைத்து எண்ணினார். "பாதிக்கு மேல சிவப்பு, அதுவும் பெருசு. இத்தனை நோவோடயா இருந்தீங்க?" என்று கேட்டு, மருந்தை மாற்றி எழுதினார். பிறகு, "இதை எழுதினது யாரு?" என்றார். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் எழுத்தின் பிழைகளுக்காகத்தான் கேட்கிறார் என்று நான் கதவுப் பக்கம் ஒதுங்கினேன்.

பாய் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "எங்கூட்டு ஆளுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் ஊசி எப்போது, மாத்திரை எத்தனை வேளை என்று பாய் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். 'எங்கூட்டு ஆளுங்க' ஏறியிருந்த என் காதில் வேறெதுவும் ஏறவில்லை.