ஒத்துப்போகும் மீன்கள் தேர்வுக் குழு

எங்கள் அலுவலகத்தின் வேலை மிகவும் பொறுப்பானது. மற்ற அலுவலகங்கள் கொடுத்த சான்றிதழ் சான்றிதழ்தானா என்று பார்த்து, அதற்கு ஒரு சான்றிதழ் கொடுப்பது. காத்திருக்கும் கூடத்தில் நாற்பது நாற்காலிகள். காலையில் டோக்கன் வாங்கியவர் மாலையில் கத்துவார். கத்தாமல் போனவர் மறுநாள் வந்து கத்துவார். இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று தலைமையகம் ரொம்ப நாள் யோசித்தது. வேலையை வேகமாகச் செய்யலாம் என்பதைத் தவிர மற்ற எல்லா யோசனைகளும் பரிசீலிக்கப்பட்டன.

கடைசியில் மன அமைதி நிபுணர் ஒருவர் வந்து, மீனைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்குக் கோபம் வராது என்று படம் போட்டு விளக்கினார். அந்த வருஷம் எங்கே திரும்பினாலும் மன அமைதிதான் மோஸ்தர். உடனே சுற்றறிக்கை வந்தது: 'ஒவ்வொரு அலுவலகமும் இரண்டடி நீளமுள்ள நன்னீர் மீன் தொட்டி ஒன்றை நிறுவி, ஒன்றோடொன்று ஒத்துப்போகும் மீன்களைத் தேர்ந்தெடுத்து, இணக்கச் சான்று பெற்ற பின்னரே தொட்டியில் விட்டு, அறிக்கை அனுப்ப வேண்டியது.'

எங்கள் மேலாளர் எந்தக் கோப்பு வந்தாலும் ஓரத்தில் 'ஆவன செய்க' என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவார். அதனால் எங்களுக்குள் அவருக்கு 'ஆவன' என்றே பெயர். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க ரூம்ல மீன் வளர்க்கிறீங்களாமே?"

"ஆமா சார். நாலு வருஷமா."

"அப்ப குழுவுக்கு நீங்கதான் செயலாளர். சண்டை சச்சரவு இல்லாம அறிக்கை போச்சுன்னா, உங்க மாறுதல் மனுவுல அன்னிக்கே கையெழுத்துப் போடுறேன்."

மாறுதல் என்றதும் எனக்கு வாயெல்லாம் பல். என் மனைவியும் மகளும் ஐந்து மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறார்கள். மனைவிக்கு அங்கே வேலை. எங்கள் அலுவலகத்தின் சின்னக் கிளை ஒன்றும் அந்த ஊரில் இருக்கிறது. அதில் ஒரு நாற்காலி காலி. நாலு வருஷமாக அந்த நாற்காலிக்கு மனு போட்டுக்கொண்டிருக்கிறேன். என் மகள் தன் தோழிகளிடம் என்னை 'எங்க ஞாயித்துக்கிழமை அப்பா' என்று அறிமுகப்படுத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகு அழுகை வந்துவிட்டது.

அன்றே குறிப்பு எழுதினேன். தொட்டி சின்னது, கப்பி என்கிற பொடி மீன் பத்து போதும், வாலைக் கடிக்கிற மீன் வேண்டாம், பெரிய மீன் வேண்டவே வேண்டாம். வாயில் நுழைகிற எதையும் அது தின்றுவிடும். இதற்கு மேல் எளிமையாக எழுத எனக்குத் தெரியாது.

குழு கூடியது. ஆய்வுப் பிரிவின் கண்காணிப்பாளர் அம்மையார் என் குறிப்பைக் கையை நீட்டித் தூர வைத்துப் படித்தார்.

"பத்தும் ஒரே அளவா? அப்ப பதவி மூப்பு எப்படித் தெரியும்?"

"மீனுக்கு எதுக்கு மேடம் மூப்பு?"

"மீனுக்கு இல்லைங்க, பார்க்கிற ஜனங்களுக்கு. ஆபீஸ்னா என்னன்னு தெரிய வேண்டாமா?"

அதன்படி, தபால் பிரிவில் பத்து பேர் என்பதால் பத்துக் கப்பி. எதிலும் குறை பிடிக்கும் ஆய்வுப் பிரிவுக்கு, வால் பிடித்துக் கடிக்கும் டைகர் பார்ப் மூன்று. கண்காணிப்பாளருக்கு நீல நிற ஃபைட்டர் ஒன்று. மேலாளரின் தகுதிக்கு ஏற்ப, சின்ன மீன்களை விழுங்கும் கையளவு ஆஸ்கர் ஒன்று.

மீன் கடைக்காரர் பட்டியலை இரண்டு முறை படித்தார்.

"சார், இதெல்லாம் ஒரே தொட்டிக்கா?"

"குழுவோட முடிவு."

"குழுவுல யாராவது மீனைப் பார்த்திருக்காங்களா?"

"தட்டுல பார்த்திருக்காங்க."

"அப்படின்னா ஆஸ்கரையும் குழுவுல சேர்த்துக்கலாம்" என்றார்.

மேலாளரிடம் போய் மென்று விழுங்கினேன். "சார், இது ஒத்துப்போகாது."

"சோதிச்சுப் பார்த்தீங்களா?"

"தொட்டியில விட்டாத்தானே சார் சோதிக்க முடியும்?"

"சான்று இல்லாமத் தொட்டியில விடக்கூடாதுன்னு சுற்றறிக்கை தெளிவாச் சொல்லுது."

"அப்ப சான்று எப்படி சார் கொடுக்கிறது?"

ஆவன ஒரு கணம்தான் யோசித்தார். "கவர்லதானே வந்திருக்கு? கவரோட பக்கத்துல பக்கத்துல வைங்க. ஒரு நாள் முழுக்க கவனிங்க."

வைத்தோம். நீண்ட மேசையில் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் கவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மணிக்கு ஒரு முறை பதிவேட்டில் எழுதினோம். பத்து மணி: அமைதி. பதினொரு மணி: அமைதி. கப்பி இருந்த கவரைப் பார்த்து ஃபைட்டர் துடுப்பை விறைப்பாக விரித்தது. 'வரவேற்பு தெரிவித்தது' என்று அம்மையார் சொல்லச் சொல்ல எழுதினேன். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை பார்க்க ஆள் இல்லை. அப்போதும் மீன்கள் ஒழுங்கு தவறவில்லை. ஐந்து மணிக்கு இணக்கச் சான்று தயாராகிவிட்டது. என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பக்கத்திலேயே என் மாறுதல் மனு, மூடி கழற்றிய பேனா மேலாளர் கையில். போட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கைதட்டலுடன் மீன்கள் தொட்டியில் விடப்பட்டன. பதினொரு மணிக்குத் தபால் பிரிவில் மூன்று பேர் மிச்சம். மதியத்துக்குள் டைகர் பார்ப் மூன்றும் ஃபைட்டரின் வாலைக் கந்தலாக்கின. புதன்கிழமை ஆஸ்கர் மட்டும் நடுவில் நின்று, எங்களைப் பார்த்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

ஆவனவின் முகம் வெளுத்துவிட்டது. "வெள்ளிக்கிழமை தலைமையகத்துலேருந்து இயக்குநர் வர்றாரு. சண்டைன்னு எழுதினீங்கன்னா உங்க மனு உங்க கையில."

எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக எதையும் எழுதியதில்லை. 'தொடக்கத்தில் பதினைந்து மீன்கள் தனித்தனியே இயங்கிவந்தன. பின்னர்ச் சிறிய அலகுகள் படிப்படியாகப் பெரிய அலகுடன் இணைந்தன. இணைப்பின்போது எந்த அலகும் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. தற்போது தொட்டியில் முழு இணக்கம் நிலவுகிறது.'

இயக்குநர் அறிக்கையைப் படித்தார். ஆஸ்கரைப் பார்த்தார். மறுபடி அறிக்கையைப் படித்தார். "எவ்வளவு அமைதி! இதைத்தாங்க இத்தனை நாளா நான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

இரண்டு வாரத்தில், ஒரே உறையில் இரண்டு உத்தரவுகள் வந்தன. முதலாவது, என் மாறுதல். ஆவன சொன்ன சொல் தவறவில்லை. இரண்டாவது, மீன் தொட்டியில் கிடைத்த அனுபவத்தின் அடிப்படையில், சின்னக் கிளைகள் எல்லாம் பெரிய அலுவலகங்களுடன் இணைக்கப்படுகின்றன என்பது. என் மனைவி ஊரில் இருந்த கிளை எங்களோடு இணைந்துவிட்டது. ஆகவே நான் முற்பகலில் இந்த அலுவலகத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, பிற்பகலில் இதே மேசையில் வந்து சேர்ந்தேன். கோரிக்கை நிறைவேற்றப்பட்டதாகக் கோப்பு மூடப்பட்டது.

அடுத்த திங்கட்கிழமை கூடத்தில் என் மனைவியும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகளுடைய பள்ளிக்கூடச் சான்றிதழைச் சரிபார்க்க இனி இங்கேதான் வர வேண்டுமாம். விடிவதற்குள் கிளம்பி வந்திருக்கிறார்கள்.

"பார்த்தீங்களா?" என்றார் ஆவன. "குடும்பத்தோட சேரணும்னு கேட்டீங்க. சேர்த்துட்டோம்."

மனைவி டோக்கனை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

இப்போதெல்லாம் திங்கட்கிழமை என்றால் தொட்டியில் புதிய உறுப்பினர் சேர்க்கை. பத்துக் கப்பிகள் கவரில் வரும். நான் இணக்கச் சான்றில் கையெழுத்துப் போட்டுத் தொட்டியில் விடுவேன். மேசைமேல் இருந்த கவரை மகள் எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"இதையும் அதுகூட விடப் போறீங்களாப்பா?"

"சான்றிதழ் இருக்கும்மா."

"யாரு கொடுத்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கூடம் பொறுமை இழந்துவிட்டது. நாற்காலிகளை எல்லாம் தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "பாப்பா, கவரைக் கொடும்மா. இதைப் பார்க்கத்தானே திங்கக்கிழமையாப் பார்த்து வர்றோம்?" என்றார் முன்வரிசைப் பெரியவர். போன மாதம் என் சட்டையைப் பிடித்து உலுக்கியவர் அவர். நிபுணர் சொன்னது சரிதான். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை.

மகள் கவரைக் கொடுத்துவிட்டு அம்மா பக்கம் போய் நின்றுகொண்டாள். நான் கையெழுத்துப் போட்டேன், கவரைக் கவிழ்த்தேன், கூடம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தச் சத்தத்தில் என் மனைவியின் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டது யார் காதிலும் விழவில்லை. அடுத்த திங்கட்கிழமை வரச் சொல்லி நானே எழுதிக் கொடுத்தேன்.