வயிற்றெரிச்சல் காட்டும் செம்பருத்தி

எங்கள் தெருவில் கொஞ்ச காலமாக ஆளாளுக்குப் பூந்தொட்டியைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். வங்கி அதிகாரி தூக்கினார். பல் டாக்டர் தூக்கினார். கணக்கு வாத்தியார் தன் தொட்டிக்கு மப்ளர்கூடச் சுற்றியிருந்தார். எல்லாரும் போன இடம் ஒன்றுதான்: தெருமுனை மாடியில் இருந்த இலைஞானியின் அறை.

இலைஞானியின் சாஸ்திரம் ரொம்ப எளிது. சிவப்பு ரிப்பன் கட்டிய செம்பருத்திச் செடி கொடுப்பார். வீட்டில் அறைக்கு ஒன்று வைக்க வேண்டும். எந்த அறையில் செடி வாடுகிறதோ, அந்த அறையில் இருக்கிறவருக்கு வயிற்றெரிச்சல். "மனுஷன் பொய் சொல்வான், இலை சொல்லாது" என்று அவர் மெல்லிய குரலில் சொல்லும்போது படித்தவர்களே கண் கலங்கினார்கள். பரிகாரமும் உண்டு. இன்னும் பெரிய தொட்டி, இன்னும் பெரிய விலை. அதுவும் வாடினால் ஆளையே மாற்றிவிட வேண்டும்.

ஒரு அம்மாள் அப்படித்தான் மாமியாரைக் கொழுந்தன் வீட்டுக்கு மாற்றினார். செடி பிழைக்காவிட்டாலும் வீடு அமைதியாக இருப்பதாகக் கேள்வி.

எனக்கு மேல்வீட்டில் ஒரு லிப்ட் மெக்கானிக் குடும்பம். அவர், பிள்ளைத்தாச்சி மனைவி, அவருடைய தங்கை. தங்கை தையல்காரி. புருஷனோடு ஒத்துவராமல் வந்தவள், நாலு வருஷமாகப் பின்னறையில் மிஷின் மிதிக்கிறாள். அந்த அறையின் ஒரே சன்னலைப் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் மறைத்துக்கொண்டிருக்கும். தரை எப்போதும் சில்லென்று இருக்கும். பட்டப்பகலில் ஊசியில் நூல் கோக்க விளக்குப் போட வேண்டும்.

கூடத்துச் சன்னலில் வைத்த செம்பருத்தி பூத்துக் குலுங்கியது. பின்னறைச் செடி மொட்டு உதிர்த்து, இலை மஞ்சளாகி, குச்சியாக நின்றது. பெரிய தொட்டி வந்தது. அதற்கும் அதே கதி. இலைஞானி தீர்ப்புச் சொல்லிவிட்டார்: குழந்தை பிறப்பதற்குள் அந்தப் பெண் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் இதைத் தங்கையிடம் சொன்னபோது நான் அங்கேதான் இருந்தேன், பேப்பர் இரவல் வாங்கப் போனவன்.

"கொஞ்ச நாளைக்குத்தாம்மா. ஒரு ஹாஸ்டல் விசாரிச்சு வெச்சிருக்கேன்."

"மிஷின்?"

"அங்க வைக்க விடமாட்டாங்களாம்."

மிஷின் இல்லாமல் அவள் எதைச் சாப்பிடுவாள் என்று அண்ணன் யோசிக்கவில்லை. செம்பருத்தியும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தங்கை அழவில்லை. "போறேன்ணே. ஆனா அவர்கிட்ட ஒரு தடவ நேர்ல கேட்டுட்டுப் போறேன். மாமா, நீங்களும் வாங்க, சாட்சிக்கு" என்றாள் என்னிடம்.

இலைஞானியின் அறையில் கனத்த கறுப்புத் திரை, ஏசிக் குளிர், ஒரே ஒரு நீல விளக்கு. இருட்டில்தானே ஞானம் நன்றாக விளையும். கூட்டம் தொட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. தங்கை சுற்றிலும் பார்த்தாள். மூலைக்கு மூலை செடிகள்: விறைத்து நிமிர்ந்த பாம்புச்செடி, படர்ந்த மணிபிளான்ட், பெரணி. அத்தனையும் கொழுகொழுவென்று இருந்தன.

"ஐயா, இங்க ஒரு செம்பருத்திகூட இல்லையே?"

"அது சம்சாரிகளுக்கும்மா. இதெல்லாம் ஞானச் செடி."

"உங்களவிட நல்ல மனசு யாருக்கு இருக்கு? எங்க கூடத்துல பூத்ததையே கொண்டாந்திருக்கேன். ரெண்டு வாரம் இங்க இருக்கட்டுமே."

"ஞானத்தச் சோதிக்கக் கூடாதும்மா."

மாட்டிவிட்டது பல் டாக்டர்தான். பாவம், பக்தியில் சொன்னார்: "வைங்க ஐயா. உங்ககிட்ட இருந்தா மரமாவே வளந்துடும்." கூட்டமே தலையாட்டியது. இலைஞானியும் வேறு வழியில்லாமல் ஆட்டினார்.

தங்கை பையிலிருந்து துணியும் ஊசியும் எடுத்தாள். தொட்டிக்கு உறை தைத்து, அந்த உறையை அவருடைய பெரிய சோபாவில் ஆணியடித்திருந்த மேல்துணியோடு சேர்த்துத் தைத்தாள். "நாளைக்கு யாரும் செடிய மாத்திட்டாருன்னு உங்கள ஒரு சொல் சொல்லிடக் கூடாது பாருங்க" என்றாள் ரொம்ப மரியாதையாக.

வீட்டில் வாடிக் கிடந்த செடியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுத்தாள். வயிற்றெரிச்சல்காரி கூடவே இருந்தும் அந்தக் குச்சி வெட்கமில்லாமல் துளிர்விட்டது.

கெடு முடிவதற்கு முன்பே ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போனோம். அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். தொட்டியோடு காத்திருந்த கூட்டமும் எங்கள் பின்னால் உள்ளே நுழைந்தது. கறுப்புத் திரை விலகி அறை முழுக்க வெயில். இலைஞானி அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சோபாவைச் சன்னல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். செம்பருத்தி வழியெல்லாம் மஞ்சள் இலை உதிர்த்தபடி சோபாவோடு ஊர்வலம் போனது.

"என்ன ஐயா, வீடு மாத்துறீங்களா?" என்று கேட்டேன்.

மூச்சு வாங்கியதில் அவருக்கு ஞானம் தப்பிவிட்டது. "வெயில் படலேன்னா இது செத்துடும்யா. சும்மா நிக்காம ஒரு கை பிடிங்க."

யாரும் கை பிடிக்கவில்லை.

கணக்கு வாத்தியார் அப்போதுதான் கணக்குப் போட ஆரம்பித்தார். "அப்போ எங்க வீட்ல வாடினது?"

"எங்க வெச்சீங்க?" என்றாள் தங்கை.

"மாடிப்படிக்கு அடியில."

"அப்போ எங்க மாமியார்?" என்றார் அந்த அம்மாள் ஈனக்குரலில். ஒவ்வொருவராகத் தொட்டியை இறக்கி வைத்துவிட்டுக் காசைத் திருப்பிக் கேட்டார்கள். இலைஞானி சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ எங்கயும் போக வேண்டாம். என் புத்தி அப்படிப் போயிடுச்சு. வயித்தெரிச்சல்னு உன்ன என்னவெல்லாம் நெனச்சிட்டேன்."

"வயித்தெரிச்சல் இல்ல அண்ணி, வருத்தம்தான். அந்த அறையில ஒரு செடி ரெண்டு வாரம் தாங்கலன்னு வீடே துடிச்சுப்போச்சு. நான் நாலு வருஷமா அங்கதான் இருக்கேன்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கே மிஷினைத் தூக்கிவந்து கூடத்துச் சன்னலோரம் போட்டார். பின்னறைக்கு ஒரு பாம்புச்செடி வந்தது. மங்கல் வெளிச்சம், சில்லென்ற தரை, எப்போதாவது கொஞ்சம் தண்ணீர். அதற்கு அது போதும். மனுஷிக்குத்தான் போதாது.

இனி உங்கள் வீட்டில் செடி வாடினால் யார் கண் பட்டது என்று தேடாதீர்கள். வெயில் படுகிறதா என்று பாருங்கள்.