நாச்சிமுத்தண்ணனின் பாராட்டு விழா

ஒருவரைப் பாராட்டவும் ஒருவரை அடக்கம் செய்யவும் வேண்டிய சாமான்கள் ஏறக்குறைய ஒன்றுதான். மாலை, புதுத்துணி, பன்னீர், நாற்காலி, நாலு நல்ல வார்த்தை. எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயம் எனக்கு மட்டும் தாமதமாகத் தெரிந்தது. அதுவும் ஒரு பஞ்சாயத்தே பார்த்துக்கொண்டிருக்கும்போது.

எழுபதுகளின் நடுவில் எருத்தேன்பதிப் பக்கம் வந்து சேர்ந்தேன். அதற்கு முன் சூரியநெல்லியில் தேயிலை மூட்டை சுமந்தேன். ஆனைக்கரையில் ஏலக்காய் உலர்த்தும் இடத்தில் விறகு தள்ளினேன். இரண்டு இடத்திலும் நெஞ்சில் சளி கட்டியது. வடக்கே கணவாய்ப் பக்கம் வெயில் அடிக்கிறது என்றார்கள், பஸ் ஏறிவிட்டேன். (படிப்பு ஏழாம் வகுப்பு. அதிலும் பாதி.) ஒரு பஞ்சாயத்து ஆபீசில் தற்காலிக பியூன் வேலை கிடைத்தது. படுக்கத்தான் இடமில்லை. சுடுகாட்டு வாச்சர் நாச்சிமுத்தண்ணன் தன் காவல் கொட்டகையில் பாயைத் தள்ளிப்போட்டு இடம் கொடுத்தார். பதிலுக்கு அவரோடு குழி வெட்ட நிற்பேன். தெற்கு வடக்காக, ஆள் நீளத்துக்கு, ஓரம் சரியாமல் சுவர்போலச் செதுக்கவேண்டும். மண் வேலையில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அந்த வருடம் சிறந்த ஊழியருக்கு விருது கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. செக்ரட்டரி யோசித்தார். குழாய் திறப்பவர்மேல் புகார், தெருவிளக்குக்காரர்மேல் புகார், வரி வசூலிப்பவர்மேல் ஊரே புகார். நாச்சிமுத்தண்ணன்மேல் மட்டும் எந்தக் காலத்திலும் ஒரு புகாரும் வந்ததில்லை. (அவரிடம் வேலை வாங்கிக்கொண்டவர்கள் யாரும் திரும்பி வந்து குறை சொல்வதில்லை.) விருது அவருக்கு, ஏற்பாடெல்லாம் எனக்கு. விழா நல்லபடியாக நடந்தால் என் வேலையை நிரந்தரமாக்கும்படி ஜில்லா ஆபீசரிடம் சொல்வதாகச் செக்ரட்டரி வாக்குக் கொடுத்தார். மாதச் சம்பளம், ஒரே ஊர், சொந்தமாக ஒரு பாய். நான் பறந்து பறந்து வேலை செய்தேன்.

சால்வை கிடைக்கவில்லை. கரையில்லாத வெள்ளைத்துணி கிடைத்தது. புதுசுதானே என்று வாங்கினேன். கல்யாண மேளக்காரர்கள் வேறு ஊருக்குப் போயிருந்தார்கள். சாவு மேளக்காரர்கள் சும்மா இருந்தார்கள், அவர்களை வரச் சொன்னேன். ஆபீசர் கையால் ஒரு வேப்பங்கன்று நட மேடை ஓரம் குழி வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு குழி வெட்டியதில்லை.

விழா அன்று மத்தியானம் கணவாய்க் காற்று கிளம்பிப் புழுதியில் சூரியன் மங்கிவிட்டது. பனைகள் உரசி முனகின. மைக் நின்றுபோனது. நாச்சிமுத்தண்ணனை நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். வெள்ளைத்துணியைக் கழுத்துவரை போர்த்தினார்கள். பன்னீர் தெளித்தார்கள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, அசையக் கூடாது என்றார். அந்த ஊரில் அதுவரை நாற்காலியில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தது செத்தவர்களை மட்டும்தான்.

 பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அண்ணனின் மனைவி மாராத்தாள் எழுந்து நின்றார்.

“ஏனுங்க, எந்திரிச்சு ஊட்டுக்கு வந்துருங்க.”

அவர் அசையவில்லை. மேடை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் என்னைக் கூப்பிட்டார்.

“குழி நீ வெட்டுனதா தம்பி?”

“ஆமாங்கண்ணா.”

“ஆருக்கு?”

கன்றுக்கு என்றேன். ஆபீசர் கையில் கன்று ஒரு சாண் உயரத்தில் நின்றது. அண்ணன் அதைப் பார்த்தார், குழியைப் பார்த்தார்.

“எம்பட அளவுலயே இருக்குது,” என்றார் மெதுவாக.

மேளக்காரர்களும் அப்போதுதான் குழியைக் கண்டார்கள். பழகிய கை, தானாக அடிக்க ஆரம்பித்துவிட்டது. போர்த்திய துணியோடு அண்ணன் எழுந்தார். முன்வரிசை காலியானது. செக்ரட்டரிதான் முதலில் ஓடினார்.

அண்ணன் ஆபீசரிடம் வேலைக் குரலில் சொன்னார். “வெட்டுன குழிய வெறுமனே மூடக் கூடாதுங்க. அது ஆளுக்குக் காத்துட்டே கெடக்கும்.”

துணியையும் மாலையையும் கழற்றி, குழிக்குள் இறங்கி, தலைமாடு தெற்கே வரும்படி நீளமாகக் கிடத்தினார். ஏறி வந்து ஒரு பிடி மண் போட்டார். மாராத்தாள் போட்டார். ஊரே வரிசையாகப் போட்டது. கன்று நடும் முறையே இதுதான் என்று நினைத்து ஆபீசரும் பயபக்தியோடு ஒரு பிடி போட்டார். மீதியை நான் தள்ளினேன். கன்றைத் தலைமாட்டில் நட்டார்கள். ஜீப் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டது. மறுநாள் முதல் நான் வரவேண்டாம் என்று செக்ரட்டரி ஆள் சொல்லி அனுப்பினார்.

மழைவரை கொட்டகையிலேயே கிடந்தேன். முதல் மழையில் அந்தக் குழி மண் அமுங்கியது. சரியாக ஓர் ஆள் நீளத்துக்கு. உள்ளே துணி மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பக்கமாக நான் நடக்கவில்லை. அண்ணன் மட்டும் ஒரு கூடை மண் கொண்டுவந்து மேடாக்கினார். “எனக்கு அடக்கம் ஒருக்கா ஆயிருச்சு தம்பி. இனி வேலை மட்டுந்தான் பாக்கி,” என்று சொல்லி, என் பாயைச் சுருட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். அதன்பிறகும் வெகுகாலம் குழி வெட்டிக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன்.

இதையெல்லாம் கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். இப்போதும் முருங்கைக் கொம்பு நட மண்வெட்டியை எடுத்தால் போதும், அடுப்படியிலிருந்து குரல் வரும்: “ஆருக்குங்க?” பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே வெட்டிய குழியைக் குனிந்து பார்ப்பேன்.

தெற்கு வடக்காகத்தான் இருக்கும்.